அயலூர் வாடிவாசல்

"எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு யோசிக்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்துக் காலைப் பொழுது ஒன்றில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். முழுப் பொய் அல்ல, பாதிப் பொய். முழுப் பொய்யைவிடப் பாதிப் பொய்தான் நெடுநாள் உறுத்தும் என்பதை அதன் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

வெள்ளாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் என் சித்தப்பா மகன் ஒரு காளை வளர்க்கிறான். வளர்க்கிறான் என்று சொன்னால் போதாது. பருத்திக்கொட்டையும் துவரம் பொட்டும் அது தின்ற பிறகுதான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். மாலையானால் குளத்தில் நீச்சல். பிறகு மண்மேட்டைக் கொம்பால் குத்திக் கிளறும் பயிற்சி. அவனுடைய பிள்ளைகள் என்ன வகுப்பு படிக்கிறார்கள் என்று கேட்டால் சற்று யோசித்துத்தான் சொல்லுவான். காளைக்கு எத்தனை பல் என்று கேட்டால் யோசிக்க மாட்டான்.

பொங்கலுக்கு நான் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். "அண்ணே, கதையிலே ஜல்லிக்கட்டு எழுதுறீங்களே, ஒரு தடவை மாட்டோட வந்து பாருங்க" என்றான் தம்பி. அவன் குரலில் இருந்தது அழைப்பா, குத்தலா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் மறுக்க முடியவில்லை.

நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டோம். 'குட்டியானை' என்று நம் பக்கத்தில் பெயர் சூட்டியிருக்கிறார்களே, அந்தச் சிறு சரக்கு வண்டியில் காளை நின்றது. அதன் அருகில் தம்பி நின்றான். நானும் ஊர்ப் பிள்ளைகளும் பின்னால் ஒரு வேனில் வந்தோம். இரு பக்கமும் தைலமரக் காடுகள். பனியில் செம்மண் வாசனை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்கு முன்பே வந்த காளைகள் சாலையோரத்தில் அரை மைல் தூரத்துக்கு வரிசையாக நின்றன. ஒவ்வொரு காளையின் அருகிலும் ஓர் ஊரே விழித்துக்கொண்டிருந்தது.

இதை நான் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை. ஜல்லிக்கட்டு என்றால் மாட்டுக்கும் மனிதனுக்கும் நடக்கும் போட்டி என்றுதான் எழுதிவந்திருக்கிறேன். அது ஊருக்கும் ஊருக்கும் நடக்கும் போட்டியும்தான். காளை வெளியூரிலிருந்து வருகிறது. மாடுபிடி வீரர்களிலும் வெளியூர்க்காரர்கள் உண்டு; என்றாலும் வாடிவாசலின் முன்னே நிற்கும்போது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வீறாப்பு வந்துவிடுகிறது. காளையோடு வந்தவர்கள், வேற்றூர் மண்ணில், வேற்றூர் ஒலிபெருக்கியின் கீழே, வேற்றூர் மக்களின் நடுவில் நின்று தங்கள் மாடு பிடிபடாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் தைமாதம் தொடங்கிப் பல வாரங்களுக்கு இந்தப் பிரயாணம் ஓயாமல் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில், மாதா கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கிறது. அம்மன் கோயில் காளையும் அங்கே போகிறது. யாரும் அதன் சாதி சமயம் கேட்பதில்லை, கேட்பதெல்லாம் ஊர்தான்.

காளையோடு வரிசையில் செல்ல ஓரிருவருக்குத்தான் அனுமதி. மருத்துவர்கள் மாட்டைப் பரிசோதித்து அனுப்புவார்கள். ஆகவே தம்பி வரிசையில் நின்றுவிட, ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட, நான் மட்டும் சவுக்குக் கட்டைகளால் கட்டிய காலரியில் ஏறி இடம் தேடினேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், பக்கத்தில் விரித்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "உக்காருங்க தம்பி" என்றார்.

உட்கார்ந்தேன். அப்போதுதான் கேட்டார்: "எந்த ஊரு?"

எங்கள் ஊர்ப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள். கீழே அவர்களுடைய பிள்ளைகள் நிற்கிறார்கள். இன்னும் சில மணி நேரத்தில் எங்கள் மாடு அந்தப் பிள்ளைகளை நோக்கி வரப்போகிறது.

"புதுக்கோட்டைங்க" என்றேன்.

"டவுனா?"

தலையை ஆட்டினேன். வாயால் சொன்னது மாவட்டத்தின் பெயர் என்ற அளவில் உண்மை. தலையால் சொன்னது பொய். இப்படித்தான் பாதிப் பொய் பிறக்கிறது.

பெரியவர் அதற்குமேல் கேட்கவில்லை. டவுன்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டு, எனக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். கையிலிருந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்து ஒரு துண்டு கொடுத்தார். முதலில் கோயில் காளை வரும், அதை யாரும் தொடக்கூடாது என்றார். தரையில் தேங்காய் நார் பரப்பியிருப்பது, விழுகிறவனுக்கும் மாட்டுக்கும் அடி படாமல் இருப்பதற்காக என்றார். திமிலைத் தவிர வேறெதையும் பிடிக்கக்கூடாது. வாலைப் பிடிப்பவன் வீரன் அல்ல என்றார். பிறகு, கூட்டத்தில் மஞ்சள் பனியன் அணிந்து நின்ற ஒரு பையனைச் சுட்டிக்காட்டி, "அது நம்ம பேரன்" என்றார். அந்த 'நம்ம'வில் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

பதினொரு மணி இருக்கும். ஒலிபெருக்கி எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னது. நான் கரும்பைக் கீழே வைத்துவிட்டேன்.

வாடிவாசலை விட்டு வந்த காளை ஓடவில்லை. நின்றது. நின்று விளையாடும் மாடு என்பார்களே, அதைப்போல, ஒரு கால் முன்னே வைத்துத் தலையைத் தாழ்த்தி, சுற்றிலும் பார்த்தது. பிள்ளைகள் விலகினார்கள். மஞ்சள் பனியன் விலகவில்லை. பக்கவாட்டில் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டான். காளை ஒரு துள்ளல் துள்ளியது, அவன் விடவில்லை. இரண்டாவது துள்ளல், அப்போதும் விடவில்லை. மூன்றாவது துள்ளலையும் தாங்கிவிட்டால் மாடு பிடிபட்டது என்று பொருள். மூன்றாவதில் அவன் கை வழுக்கியது. தரையில் விழுந்தான். காளை திரும்பி ஒரு கொம்பை அவன் விலாப்பக்கம் கொண்டுபோயிற்று.

நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

எப்போது எழுந்தேன், எப்போது கத்தத் தொடங்கினேன் என்பது நினைவில்லை. காளை வெளிவந்து நின்ற கம்பீரத்துக்காகக் கத்தியிருந்தால் அது குற்றமில்லை. ஆனால் அவன் விழுந்த பிறகும் கத்தினேன். கொம்பு அவனை நெருங்கியபோதும் கத்தினேன். எல்லாம் சேர்ந்து மூன்று விநாடி இருக்கலாம். மற்ற பிள்ளைகள் காளையின் கவனத்தைத் திருப்பினார்கள்; அது களத்தைக் கடந்து ஓடிவிட்டது. பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலரி முழுதும் அமைதி. அந்த அமைதியில் என் குரல் மட்டும் மிச்சமாக நின்றது.

பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "மாடு ஜெயிச்சிருச்சு! அருமையான மாடு! மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிக்குங்க!" என்று எங்கள் ஊர்ப் பெயரை மீண்டும் ஒரு தடவை சொன்னார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். தம் ஊர்ப் பிள்ளை அடிபட்டதைப் பார்த்த அதே கண்ணோடு, எங்கள் மாட்டின் வெற்றியைத் தம் வாயால் அறிவித்தார். அண்டாவும் அந்த ஊர் மக்கள் பணம் போட்டு வாங்கியது.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். கால் எழவில்லை. அரைமணி கழித்துப் பெரியவர் திரும்பி வந்தார். பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

"பையனுக்கு..." என்று இழுத்தேன்.

"விலாவிலே வீக்கம்தான். உள்ளே ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டாரு." சற்றுப் பொறுத்து, "மாடு உங்க ஊரு மாடா?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா" என்றேன்.

"அதை முன்னாடியே சொல்லியிருந்தா, அந்தப் பக்கம் உக்கார வச்சிருப்பேனே. இங்கேயிருந்து பார்த்தா மாடு திரும்புறது சரியாத் தெரியாது" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்றோடு அந்த விஷயம் முடிந்திருக்கும்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் செய்த தவறுகள் இரண்டு. முதலாவது, ஊரை மறைத்தது. அந்தப் பெரியவர் என்னை எதிரியாக நடத்துவார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அவர் மனத்தில் இல்லாத பகையை நான்தான் வேனில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறேன். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். விருந்தாளியாகப் போகிறவனுக்கு என்று தனி அதிகாரம் வைக்கவில்லை. அவனுக்கும் கடமை உண்டு. தன்னை வரவேற்கிறவரின் நல்ல மனத்தை நம்புவது அதில் முதலாவது என்று எனக்குத் தோன்றுகிறது. நம்பாதவன் சோற்றைத் தின்றாலும் விருந்தாளி ஆகமாட்டான். கரும்பைத் தின்றாலும்தான்.

இரண்டாவது தவறு, விழுந்தவன்மேல் கத்தியது. இது சற்றுச் சிக்கலானது. நம் மாடு ஜெயிக்க வேண்டும் என்று போனவன் அது ஜெயிக்கும்போது மகிழாமல் இருக்க முடியுமா? மகிழ்ச்சியை மறைத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது இன்னொரு பொய் ஆகாதா?

உலகத்தில் இதற்குப் பல ஊர்க்காரர்கள் பலவிதமாக விடை கண்டிருக்கிறார்கள். அர்ஜென்டினாவில் 2013-ஆம் ஆண்டு ஒரு கால்பந்து ரசிகர் உயிரிழந்ததை அடுத்து, வெளியூர் ரசிகர்கள் மைதானத்துக்கு வருவதையே தடை செய்தார்கள். தடை பல ஆண்டுகள் நீடித்தது. கதவை மூடுவது ஒரு விடைதான். ஆனால் அது கேள்வியையும் சேர்த்து மூடிவிடுகிறது. ஜப்பானில் பேஸ்பால் ஆட்டத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். நம் கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் தூரத்து உறவான ஆட்டம் அது. அங்கே வெளியூர் ரசிகர்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கிவிடுகிறார்கள். தங்கள் அணி மட்டை பிடிக்கும்போது அவர்கள் மேளமும் எக்காளமுமாக முழங்குவார்கள். எதிரணி மட்டை பிடிக்கும்போது மேளத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தாரின் முழக்கத்துக்கு இடம் விடுவார்கள். யார் எப்போது முழங்குவது, எப்போது அடங்குவது என்பதில் ஒரு முறை இருக்கிறது. மகிழ்ச்சியை மறைக்கச் சொல்லவில்லை. அதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்.

நம் சென்னையிலும் ஒரு நாள் நடந்தது. 1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட் பந்தயத்தின் நான்காம் நாள். ஜெயிக்க வேண்டிய ஓட்டங்கள் 271. முதுகுவலியோடு நின்று டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ஓட்டங்கள்தான் தேவை. மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களில் போய்விட்டன. பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி. மைதானம் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போயிருந்தது. பாகிஸ்தான் வீரர்கள் வெற்றி உலா வரத் தொடங்கியதும், கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

அந்தச் சுற்றுப் பயணம் எளிதாகத் தொடங்கியதல்ல. அது நடக்கக்கூடாது என்று டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். சேப்பாக்கத்துக்குச் சில வாரங்கள் கழித்து, பிப்ரவரியில், கல்கத்தாவில் அதே அணி வென்றபோது, கலவரம் காரணமாகக் கூட்டத்தைப் போலீசார் வெளியேற்றியிருந்தார்கள். காலி இருக்கைகளின் முன்னே ஜெயித்தார்கள். ஓர் ஊரை உயர்த்தி ஓர் ஊரைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே சேப்பாக்கத்தில் 2018 ஏப்ரலில், காவிரிக் கொந்தளிப்பின்போது செருப்புகள் மைதானத்துக்குள் பறந்தன. மீதிப் பந்தயங்கள் புனேவுக்குப் போய்விட்டன. எந்த ஊருக்கும் நல்ல பொழுதும் உண்டு, கெட்ட பொழுதும் உண்டு. எனக்கும் அப்படித்தானே?

இதையெல்லாம் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் தத்துவம் படித்தவர். "நீ எந்தப் பக்கமும் சேராமல் ஆட்டத்தை மட்டும் ரசித்திருக்க வேண்டும். பற்று வைத்ததால்தானே இவ்வளவும்?" என்றார்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தப் பக்கமும் சேராதவன் கை தட்டுவது எளிது; அவனுக்கு அதில் ஒன்றும் செலவில்லை. சேப்பாக்கத்துக் கூட்டம் நடுநிலையோடு உட்கார்ந்திருந்ததா? டெண்டுல்கர் விழுந்தபோது தன் வீட்டில் ஏதோ நடந்துவிட்டதைப் போல அல்லவா தவித்தது? அந்தத் தவிப்புக்குப் பிறகு தட்டிய கை என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றிப் பேசுகிறோம். பெரியவருடைய சொல்லும் அப்படித்தான். பேரன் விலாவில் வீக்கத்தோடு படுத்திருக்கும்போது, எதிரூர்க்காரனுக்கு மாடு நன்றாகத் தெரிய வேண்டுமே என்று கவலைப்பட்டார். பேரன்மேல் அன்பு குறைந்ததாலா?

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் கோயில்வெண்ணி என்ற ஊர் இருக்கிறது. பழைய வெண்ணி அதுதான். அங்கே நடந்த போரில் கரிகாலன் ஜெயித்தான். மார்பில் பாய்ந்த வேல் முதுகில் ஊடுருவியதால், அதைப் புறப்புண்ணாகக் கருதி நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். அந்த ஊர்ப் பெண்புலவர் வெண்ணிக் குயத்தியார், ஜெயித்த கரிகாலனையே பார்த்து, உன்னைவிடத் தோற்றவன் நல்லவன் அல்லவா என்னும் பொருளில் பாடினார். அது புறநானூற்றில் இருக்கிறது. சோழநாட்டுப் பெண், சோழ மன்னன் முன்னே, சேரனைப் புகழ்ந்தார். அவர் சோழனைப் பாராட்டாமலும் விடவில்லை. தன் பக்கத்து வெற்றியைக் கொண்டாடிக்கொண்டே எதிர்ப்பக்கத்தின் இழப்பையும் பார்க்கிற கண் நமக்குப் புதிதல்ல. பழகாமல் விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு கேள்வியும் எழும். வாயில்லாத காளையின் தரப்பை யார் பேசுவது? உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாக் கிளர்ச்சிக்குப் பின் சட்டம் வந்தது. 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் பதில் சொல்லிவிட்டது. ஆனாலும் 2019-இல் விராலிமலையில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகள் வந்து சாதனை என்று பேசப்பட்ட அதே நாளில், வேடிக்கை பார்க்க வந்த இருவர் உயிரிழந்தார்கள். அந்தப் பெரிய எண்ணைச் சொல்லும்போது இந்தச் சிறிய எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டத்தைக் கொண்டாடுகிறவனுக்குத்தான் இந்தக் கடமை அதிகம்.

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். ஊர் எல்லையில் காளைக்கு மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். எனக்கு மட்டும் மனம் ஒட்டவில்லை. தம்பி அண்டாவைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்ததும், "அந்த மஞ்சள் பனியன் பையனுக்கு விலாவிலே அடியாம்" என்றேன், பெரிய செய்தியைச் சொல்லுகிறவனைப் போல.

"தெரியும்ணே. மாட்டைக் கட்டிட்டு நேரே அங்கேதான் போனேன். நல்லாப் பேசினான். அடுத்த வருஷமும் இதே மாட்டைக் கொண்டுவாங்க, பிடிச்சுக் காட்டுறேன்னான்."

"நீ போய்ப் பார்த்தாயா?"

"நம்ம மாடு குத்தினதுண்ணே. மாட்டுக்காரன் பார்க்காம வரலாமா?" என்றான். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுக் காளைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

நான் காலரியில் உட்கார்ந்து 'என்ன செய்வது' என்று யோசித்துக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரத்தில், அவன் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்கிறான். அவனிடம் தத்துவம் இல்லை. பகலெல்லாம் அந்த மாடு ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட நூறு மடங்கு வேண்டிக்கொண்டவன் அவன்தான்.

அடுத்த தையில் தம்பி கூப்பிடுவதற்கு முன்பே நான் புறப்பட்டுவிட்டேன். அதே ஊர், அதே காலரி. பெரியவரைத் தேடினேன், கண்ணில் படவில்லை. பக்கத்தில் இருந்தவர், "எந்த ஊரு?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "எங்க மாடும் வருது" என்று சேர்த்துக்கொண்டேன்.

"ஓ, அந்த மாடா? இந்த வருஷம் எங்க பயலுக விடமாட்டாங்க, பாத்துக்கங்க" என்று சிரித்தார்.

விடவில்லை. மூன்று துள்ளலுக்கும் ஒருவன் திமிலோடு ஒட்டிக்கொண்டு நின்றான். மஞ்சள் பனியன் இல்லை; அந்த முறை சிவப்பு. முகம் மட்டும் எனக்குத் தெரிந்த முகம். காலரி இடிந்துவிடும்போல் ஆரவாரம். பக்கத்திலிருந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்குத் தொண்டை அடைத்தது. வரிசைக்கு அப்பால் தம்பி எந்த முகத்தோடு நிற்கிறானோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே எழுந்து நின்று கை தட்டினேன்.